வீட்டுக்குத் திரும்புற பக்கம் எது? – கடைத்தெரு கேள்வி பதில்

போன இதழ்ல அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலத்து டாலஸுக்கு வடக்க இருக்க புறநகர்கள்ல (பிளேனோ, ஃபிரிஸ்கோ, ஆலன், மெக்கின்னி இந்தப் பக்கம்) சூப்பர்மார்க்கெட் கம்பெனிங்க போட்டி போட்டு கடை திறக்குறதப் பத்தி சும்மா அரைப் பக்கம் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு நெனைக்கல. எல்லாத்துக்கும் பதில் போட இடம் பத்தாது, ஒரே மாதிரி இருந்தத சேத்து எட்டு கேள்வியா எடுத்துக்கிட்டேன். புதுசா படிக்கிறவங்களுக்காக: நான் பிளேனோல பதினாலு வருஷமா இருக்கேன், அதுல ஒன்பது வருஷம் கடைகளுக்கு இடம் பாத்துக் கொடுக்குற ஆபீஸ்ல வேலை. அதுக்கு முன்னாடி, அதாவது பொறந்ததுலருந்து, திருநெல்வேலி பக்கம் எங்கப்பா மளிகைக்கடைல.

அக்கா, நாங்க ஃபிரிஸ்கோல இருக்கோம். பத்து நிமிஷ டிரைவுக்குள்ள குரோகர் இருக்கு, டாம் தம்ப் இருக்கு, வால்மார்ட், ஸ்ப்ரவுட்ஸ், காஸ்ட்கோ எல்லாம் இருக்கு, இதுல ஹெச்-இ-பி வேற வந்தாச்சு. எதுக்கு எல்லாரும் ஒரே இடத்துல வந்து முட்டிக்கிறாங்க, கடையே இல்லாத ஊர்ல போய் போடலாம்ல?
– ஃபிரிஸ்கோ வாசகர்

தம்பி, முதல்ல ஆள் கணக்க பாருங்க. 2000-ல ஃபிரிஸ்கோ ஜனத்தொகை 33,714. 2010-ல 1,16,989. 2020 சென்சஸ்ல 2,00,509. இருபது வருஷத்துல ஆறு மடங்கு. நீங்க பாக்குறது நாலஞ்சு கடை ஒரே இடத்துல இருக்குறத, கடைக்காரன் பாக்குறது அடுத்த பத்து வருஷத்துல அங்க வரப்போற வீட்ட. இங்க இந்தத் தொழில்ல வீட்ட ‘ரூஃப்டாப்’னு தான் எண்ணுவாங்க, கூரை கணக்கு, எந்த பில்டர் எத்தனை கூரைக்கு பெர்மிட் வாங்கியிருக்கான், எந்த சப்டிவிஷன்ல (வீட்டு லேஅவுட்ல) பைப் போட ஆரம்பிச்சாச்சு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எங்க அடுத்த எலிமென்டரி ஸ்கூலுக்கு இடம் வாங்குது, இதெல்லாம் பாத்துட்டு சோளக்காடா இருக்கும்போதே மூலை நிலத்த வாங்கிப் போட்டுருவாங்க. ஹெச்-இ-பி இந்தப் பக்கம் கடை திறக்குறதுக்கு வருஷக்கணக்கா முன்னாடியே நிலம் வாங்கி சும்மா வச்சிருந்துச்சு, நாங்கல்லாம் அந்த வெத்து மூலையப் பாத்து ‘இப்ப வருமா அப்ப வருமா’ன்னு பேசிட்டே இருந்தோம்.

அடுத்தது மூலை. எல்லா மூலையும் ஒண்ணு இல்ல. இங்க பெரிய ரோடெல்லாம் ஏறக்குறைய மைலுக்கு ஒண்ணுன்னு கட்டம் போட்ட மாதிரி போகும், ரெண்டு பெரிய ரோடு வெட்டிக்கிற சிக்னல்ல நாலு மூலை இருக்கும். அந்த நாலுல எது நல்ல மூலைனு கேட்டா, சாயங்காலம் வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போற காருக்கு வலது கைப்பக்கம் வர்ற மூலை. இங்க வலது பக்கம் ஓட்டுறோம், வலது பக்கம் திரும்புறது ஈசி, இடது பக்கம் திரும்பணும்னா எதுக்க வர்ற வண்டி எல்லாம் போற வரைக்கும் நிக்கணும், ரோட்டு நடுவுல மீடியன், அதாவது தடுப்பு, இருந்து அதுல வெட்டு இல்லன்னா அடுத்த சிக்னல் போய் யூ-டர்ன் போடணும், டயர்டா வர்றவன் எவனும் பாலுக்காகவும் முட்டைக்காகவும் அத பண்ணமாட்டான். காலைல தெக்க பிளேனோ, டாலஸ் பக்கம் வேலைக்குப் போயிட்டு சாயங்காலம் வடக்க திரும்புறவங்க தான் ஃபிரிஸ்கோல நெறைய, அதனால டோல்வே (காசு கட்டி போற சுங்கச்சாலை), பிரஸ்டன் ரோடு மாதிரி தெக்கு வடக்கா போற ரோட்ல கிழக்குப் பக்கத்துக்கு ஒரு மவுசு எப்பவும் உண்டு. டோல்வே சர்வீஸ் ரோடு ஒன்வே வேற, தப்பான பக்கம் கடை இருந்தா பாலத்துக்கு அடில சுத்தி வரணும்.

இத நான் ஆபீஸ்ல சேந்த முதல் வாரம் சொல்லிக் கொடுத்தாங்க, எனக்கு சிரிப்பு வரல, கண்ணு கலங்கிடுச்சு. எங்கப்பா கடைக்கு எதுத்தாப்ல இதவிட பெரிய இடம் கம்மி வாடகைக்கு வந்துச்சு, போகமாட்டேன்னுட்டாரு. டவுன்ல இருந்து திரும்பி வர்ற பஸ் இந்தப் பக்கம் தான் நிக்கும், இறங்குறவன் கைல சம்பளக் காசு இருக்கும், எதுத்த பக்கம் பஸ் ஏறுறவன் அவசரத்துல இருப்பான், அவன் வெத்தல பாக்கு தான் வாங்குவான்னு சொன்னாரு. எட்டாங்கிளாஸ் படிச்ச மனுஷன். டாலஸ்ல அதே விஷயத்த மேப் போட்டு, ரோட்ல குறுக்க ரப்பர் டியூப் போட்டு வண்டிய எண்ணி, ரிப்போர்ட்டா எழுதி விக்கிறாங்க.

கடையே இல்லாத ஊருக்கு ஏன் போகலன்னா, கடை இல்லாததுக்கு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் ஆள் பத்தாது. போட்டிக்காரன் நல்லா ஓடுறான்னா அந்த மூலைல காசு இருக்குன்னு அவனே செலவு பண்ணி நிரூபிச்சுட்டான்னு அர்த்தம். ஹோட்டலிங்னு ஒரு பொருளாதார அறிஞர் 1929-லயே ஒரே தெருவுல ரெண்டு கடை இருந்தா ரெண்டும் ஒருத்தர ஒருத்தர் நெருங்கி நடுவுக்கு வரும்னு கணக்குப் போட்டுக் காட்டினாரு. ஆனா ஃபிரிஸ்கோ மாதிரி ஊர்ல அந்தக் கணக்கவிட நல்ல மூலை கொஞ்சம் தான்ங்கிறது தான் பெரிய காரணம்னு நான் நெனைக்கிறேன்.

ஹெச்-இ-பி டெக்சாஸ் கம்பெனி தானே, ஆஸ்டின்ல இருந்த வரைக்கும் அங்க தான் வாங்குவோம். டாலஸ் பக்கம் வர ஏன் இவ்ளோ வருஷம் ஆச்சு?
– பிளேனோ வாசகி

இந்தக் கேள்விய எங்க அப்பார்ட்மெண்ட் நீச்சல்குளத்துல கூட கேட்டுருக்காங்க. 1905-ல கெர்வில்ங்கிற சின்ன ஊர்ல ஃப்ளாரன்ஸ் பட்னு ஒரு அம்மா 60 டாலர் போட்டு வீட்டுக்குக் கீழ்த்தளத்துல ஆரம்பிச்ச கடை அது. ஹெட் ஆபீஸ் சான் அன்டோனியோ. மளிகைக் கடைக்கு லாபம் நூத்துக்கு ரெண்டு மூணு ரூபா நின்னா பெரிய விஷயம், அந்த ரெண்டு ரூபா லாரி டீசல்ல போயிடும், அதனால குடோன்லருந்து எவ்ளோ தூரம்ங்கிறது தான் முதல் கேள்வி. பால், இறைச்சி, ரொட்டி தினம் வரணும். ஒரே ஒரு கடைக்கு முன்னூறு மைல் லாரி அனுப்பினா கட்டுப்படியாகாது, பக்கத்து பக்கத்துல பத்து கடை இருந்தா அதே லாரி பத்துக்கும் இறக்கிட்டு வந்துரும்.

அதனால தான் அவங்க நெடுஞ்சாலை வழியா படிப்படியா மேல ஏறினாங்க. ஆஸ்டின், வேக்கோ, அப்பறம் டாலஸ் ஃபோர்ட்வொர்த்துக்கு தெக்கு ஓரத்துல வாக்ஸஹாச்சி, பர்லசன்னு. நடுவுல டெம்பிள்ங்கிற ஊர்ல குடோன். பிளேனோல அவங்களோட சென்ட்ரல் மார்க்கெட் 2000-களோட தொடக்கத்துலயே வந்தாச்சு, ஆனா அது வசதியானவங்களுக்கான கடை, வேற பேரு. ஹெச்-இ-பிங்கிற பேர்ல வடக்க முதல் கடை ஃபிரிஸ்கோல 2022 செப்டம்பர் 21-ல திறந்துச்சு, முந்தின நாள் ராத்திரியே நாற்காலி போட்டு ஜனங்க வரிசைல உக்காந்தாங்க. ஆறு வாரத்துல நவம்பர் 2-ல பிளேனோ. 2023-ல மெக்கின்னி, ஆலன். 2024-ல ஃபோர்ட்வொர்த் பக்கம் அலையன்ஸ், மேன்ஸ்ஃபீல்ட். வேகத்த கவனிங்க, வர்றதுக்கு யோசிச்சது பல வருஷம், வந்தப்பறம் வரிசையா. ஒத்தைக் கடையா நின்னா நஷ்டம், கூட்டமா வந்தா தான் லாரிக்கும் கட்டும், விளம்பரத்துக்கும் கட்டும், ஆள் பழக்கி எடுக்குறதுக்கும் கட்டும்.

வால்மார்ட்டும் அப்படித்தான் வளந்துச்சு, ஆர்கன்சாஸ்ல பென்டன்வில்லச் சுத்தி வட்டம் வட்டமா. சாம் வால்டன் சின்ன பிளேன் ஒண்ண தானே ஓட்டி, ஊருக்கு மேல தாழப் பறந்து எந்தப் பக்கம் வீடு பெருகுது, எந்த ரோட்ல வண்டி போகுதுன்னு பாத்து கடைக்கு இடம் குறிப்பாராம். வால்மார்ட் இப்படி வளந்தத தாமஸ் ஹோம்ஸ்ங்கிற பேராசிரியர் 2011-ல வெளியிட்ட ஆய்வுல விலாவாரியா அலசியிருக்காரு: நல்ல ஊரு தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சும் தாவிப் போகாம, பக்கத்துலருந்தே நெருக்கமா போட்டுட்டு போனதுல எவ்ளோ மிச்சம்னு.

நான் தாம்பரத்துல எம்பிஏ படிக்கிறேன் மேடம். கடைக்கு எவ்ளோ வியாபாரம் வரும்னு திறக்குறதுக்கு முன்னாடியே எப்படி கணக்குப் போடுறாங்க? ஃபார்முலா ஏதாச்சும் இருக்கா?

இருக்கும்மா, ரொம்ப அழகான ஃபார்முலா. டெக்சாஸுக்கும் அதுக்கும் நல்ல உறவு வேற. 1931-ல வில்லியம் ரெய்லினு ஒருத்தர், டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல இருந்தவரு, ரெண்டு ஊருக்கு நடுவுல இருக்க ஜனங்க எந்த ஊருக்கு சாமான் வாங்கப் போவாங்கன்னா நியூட்டனோட ஈர்ப்பு விதி மாதிரி, ஊரு பெருசா இருந்தா இழுக்கும், தூரம் கூடினா இழுவை சட்டுன்னு கொறையும்னு எழுதினாரு. 1960-கள்ல டேவிட் ஹஃப் அத ஊருக்குப் பதிலா கடைக்கு மாத்தினாரு, யாரும் ஒரே கடைக்கு மட்டும் போகமாட்டாங்க, ஒவ்வொரு கடைக்கும் போற வாய்ப்பு எவ்ளோன்னு தான் பாக்கணும்னு சொன்னாரு. அவரும் பிற்காலத்துல ஆஸ்டின்ல தான் பாடம் நடத்தினாரு.

நோட்டு எடுத்துக்கோங்க. உங்க வீட்லருந்து 4 மைல்ல 1,20,000 சதுர அடி பெரிய கடை, 2 மைல்ல 40,000 சதுர அடி சின்ன கடை. பரப்ப தூரத்தோட வர்க்கத்தால வகுங்க. பெருசுக்கு 120-ஐ 16-ஆல வகுத்தா 7.5. சின்னதுக்கு 40-ஐ 4-ஆல வகுத்தா 10. மொத்தம் 17.5, அதனால நூறு தடவை கடைக்குப் போனா பெருசுக்கு 43, சின்னதுக்கு 57. இப்ப பெரிய கடைய ஒரே ஒரு மைல் கிட்ட கொண்டு வாங்க, 3 மைல். 120-ஐ 9-ஆல வகுத்தா 13.3. பங்கு அப்படியே தலைகீழா மாறி பெருசுக்கு 57, சின்னதுக்கு 43. ஒரு மைலுக்காக ஏன் இவனுங்க நிலத்துக்கு கோடிக்கணக்குல சண்ட போடுறாங்கன்னு இப்ப புரியுதா. வர்க்கம்ங்கிறது நான் எடுத்துக்கிட்டது, நிஜத்துல அந்த எண்ண ஊருக்கு ஊரு சர்வே பண்ணி கண்டுபிடிக்கணும், பாலுக்கு வேற, சோஃபாவுக்கு வேற.

ஆனா ஃபார்முலா மேப்ல கோடு போட்டு தூரத்த அளக்கும், மனுஷன் அப்படிப் போகமாட்டான். நடுவுல ஏரி இருக்கும், ரயில் பாதை இருக்கும், டோல்வே ஒரு செவுரு மாதிரி குறுக்க நிக்கும். மேற்குல இருக்கவங்க ‘அந்தப் பக்கம்’னு தான் கிழக்க சொல்லுவாங்க, ஒரு மைல் தான் இருக்கும், ஆனா மனசுல அது வேற ஊரு. அதனால இப்பல்லாம் மைல விட்டுட்டு டிரைவிங் நிமிஷம் தான் எடுக்குறாங்க, அதுக்கு மேல பழைய கடைகளோட லாயல்டி கார்டு டேட்டா, செல்போன் எங்கெங்க போயிட்டு வருதுங்கிற பேரு இல்லாத டேட்டா, இத வாங்கி பாக்குறாங்க. இது எனக்கு உள்ளுக்குள்ள உறுத்துற விஷயம், நம்ம அம்மா எந்தக் கடைக்கு போறாங்கங்கிறத அம்மாவுக்கே தெரியாம எவனோ விக்கிறான். அது தனியா எழுதவேண்டிய சமாச்சாரம்.

கம்பெனிக்கு கம்பெனி சட்டமும் வேற. ஆல்டி அமெரிக்காவுல இடம் தேடுறவங்களுக்குன்னு வெளிப்படையா சொல்லியிருக்க அளவ பாருங்க: சுமார் 22,000 சதுர அடி, 95 கார் நிக்கிற பார்க்கிங், 3 மைலுக்குள்ள 35,000 பேரு, ரோட்ல தினம் 20,000 வண்டி. அவங்களுக்கு படிப்பு, வருமானம் பெருசா கவலை இல்ல. ட்ரேடர் ஜோஸ் அதுக்கு நேர் எதிர், 1967-ல கலிபோர்னியா பாசடீனால ஆரம்பிக்கும்போதே ஜோ கூலோம்ப் ‘நல்லா படிச்சிருக்கணும், சம்பளம் சுமாரா இருக்கணும், அவங்க தான் என் கஸ்டமர்’னு முடிவு பண்ணி தான் இடம் பாத்தாரு, டீச்சர், லைப்ரரியன், பத்திரிகைக்காரங்க இருக்க பகுதி. சின்ன கடை, சின்ன பார்க்கிங், ஆனா அந்த மாதிரி ஆளுங்க தூரத்துலருந்தும் வருவாங்க. படிக்கும்போது ஃபார்முலாவ விட இந்த வித்தியாசத்த புடிச்சுக்கோங்க, யாருக்காக கடைனு தெரியாம இடத்த எடைபோட முடியாது.

எங்க வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சூப்பர்மார்க்கெட் மூடி மூணு வருஷம் ஆச்சு. கட்டிடம் நல்லா தான் இருக்கு, பார்க்கிங் காலியா கெடக்கு. வேற எந்த மளிகைக்கடையும் ஏன் வரமாட்டேங்குது? ஜிம் வருதுன்னு இப்ப சொல்றாங்க.
– கரோல்டன் வாசகி

இந்தக் கடிதம் தான் என்ன ரொம்ப கோபப்படுத்துச்சு, உங்க மேல இல்ல. பெரும்பாலும் காரணம் பத்திரத்துல இருக்கும். ஒரு கம்பெனி கடைய மூடிட்டு நிலத்த விக்கும்போது ‘இத்தனை வருஷத்துக்கு இங்க மளிகை விக்கக் கூடாது’ன்னு ஒரு ஷரத்து சேத்துத் தான் வித்துருப்பான். இல்லன்னா லீஸ விடாம வாடகை மட்டும் கட்டிட்டு இருட்டா வச்சிருப்பான், ரெண்டு மைல் தள்ளி அவனோடதே புதுக்கடை இருக்கும், இங்க போட்டிக்காரன் வந்தா அங்க அடி விழும்ங்கிற பயம், அந்த வாடகை அவனுக்கு காவல் கூலி மாதிரி. சட்டப்படி பல இடத்துல இது செல்லுபடி ஆகுது.

நான் வேலை பாத்த காலத்துல இப்படி ஒரு கட்டிடத்த ஒரு சின்ன குடும்பத்துக்கு, மூணு கடை வச்சிருந்தவங்க, நாலாவதுக்கு பாத்துக் கொடுக்கப் போனேன். எல்லாம் பேசி முடிச்சு, அவங்க பேங்க்ல லோன் கூட ரெடி பண்ணி, கடைசில டைட்டில் பேப்பர் வந்தப்போ 20 வருஷத் தடை. விக்கிற தரப்பு கம்பெனிக்கு அது முதல் நாள்லருந்தே தெரியும், வாயே திறக்கல. அந்த அண்ணன் மூஞ்சி இன்னும் எனக்கு மறக்கல. சுத்தி இருந்த அப்பார்ட்மெண்ட்ல கார் இல்லாத வயசானவங்க எத்தனையோ பேரு, அவங்களுக்கும் தான் அந்த 20 வருஷம்.

பிரிட்டன்ல இத தடுக்க 2010-லயே தனி உத்தரவு கொண்டு வந்தாங்க, பெரிய சூப்பர்மார்க்கெட் கம்பெனிங்க நிலத்துலயும் லீஸ்லயும் போட்டிக்காரன மறிக்கிற ஷரத்து போடக்கூடாதுன்னு, மீறி போட்டதுக்காக டெஸ்கோவ 2020-ல அங்க இருக்க போட்டி ஆணையம் கையும் களவுமா புடிச்சுது, 23 ஒப்பந்தம். இங்கயும் வரணும்னு நான் உறுதியா நம்புறேன். உங்க கட்டிடத்துக்கு என்ன ஷரத்துன்னு தெரியணும்னா கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) கிளார்க் ஆபீஸ்ல அந்த நிலத்தோட பத்திரம் பொதுப் பதிவுல இருக்கும், யார் வேணாலும் பாக்கலாம். லீஸ் மட்டும் பெரும்பாலும் அதுல முழுசா இருக்காது.

நம்ம ஊர் சாமான் விக்கிற கடைங்க மட்டும் ஏன் எப்பவும் பழைய ஸ்ட்ரிப் மால்ல, ரோட்லருந்து தெரியாத மாதிரி ஓரமா இருக்கு?
– இர்விங் வாசகர்

ஏன்னா நீங்க தேடி வருவீங்கன்னு அவங்களுக்கு தெரியும் சார். பாலும் ரொட்டியும் வழியில எது கண்ணுல படுதோ அங்க வாங்குறது, முருங்கக்காயும் பொன்னி அரிசியும் பச்சக் கறிவேப்பிலையும் பன்னெண்டு மைல் ஆனாலும் போய் வாங்குறது. தேடி வர்ற கஸ்டமர் இருக்கும்போது நல்ல மூலைக்கு ஏன் வாடகை கொடுக்கணும். அவங்க பாக்குறது வேற: பழைய சூப்பர்மார்க்கெட்டோ மருந்துக்கடையோ காலி பண்ணிட்டுப் போன இடம், அதுல ஏற்கனவே கூலர் லைன், பின்னாடி லாரி இறக்குற மேடை, தரைல டிரெயின் எல்லாம் இருக்கும், புதுசா போட்டா அதுவே பெரிய செலவு. அப்பறம் சனி ஞாயிறு கோயிலுக்கோ பாட்டு கிளாஸுக்கோ பிள்ளைய கூட்டிட்டுப் போற வழியா இருக்கணும். ஃபிரிஸ்கோ ஹனுமான் கோயிலுக்குப் போயிட்டு வீட்டுக்கு நேரா வர்றவங்க எத்தனை பேரு சொல்லுங்க, பாதி கார் சாமான் வாங்கிட்டுத் தான் வரும்.

படேல் பிரதர்ஸ் 1974-ல சிகாகோல டெவான் அவென்யூல ஆரம்பிச்சப்போ அந்தத் தெரு இந்தியத் தெரு இல்ல, போகப் போகத் தான் புடவைக்கடை, நகைக்கடை, ஹோட்டல்னு சேந்து அப்படி ஆச்சு. இப்ப நெலம மாறுது. 2020 சென்சஸ்ல ஃபிரிஸ்கோல ஏறக்குறைய நாலுல ஒருத்தர் ஆசியர், அதுல பெரும்பங்கு நம்மாளுங்க, அதனால பெரிய சங்கிலிக் கடைங்களே பருப்பு, நெய், மசாலானு வரிசை வரிசையா அடுக்குறாங்க. நம்ம கடைங்க இனிமே ஓரத்துலயே இருக்க முடியுமாங்கிறது தான் அவங்களுக்கு இப்ப தூக்கம் போற கேள்வி, சிலர் தைரியமா பெரிய ரோட்டு முகப்புக்கு வந்துட்டாங்க, எனக்கு சந்தோஷம்.

கடைக்கு ஒட்டினாப்ல வீடு வாங்கலாமா அக்கா?

முன்பக்கம்னா யோசிக்கலாம். பின்பக்கம்னா வேண்டாம், லாரி விடியக்காலைல ரிவர்ஸ்ல வரும்போது வர்ற பீப் சத்தம் ஜன்னல மூடினாலும் கேக்கும். ரெண்டு தெரு தள்ளி வாங்குங்க.

டாலஸ் தெக்குப் பக்கம் என் ஃபிரெண்டு இருக்கான், அங்க நல்ல காய்கறிக்கடைக்கு ரெண்டு பஸ் மாறணும். எங்க பக்கம் மூலைக்கு மூலை கடை. இது நியாயமா?
– ரிச்சர்ட்சன் வாசகர், கல்லூரி மாணவர்

நியாயம் இல்ல தம்பி. மேல சொன்ன கணக்குல எல்லாம் ஒண்ணு கவனிச்சீங்களா, எல்லாமே கார எண்ணுது. ரோட்ல போற வண்டி எத்தனை, பார்க்கிங் எத்தனை, வீட்டு வருமானம் எவ்ளோ. பஸ்ல வர்றவன் அந்தக் கணக்குல எந்தக் கட்டத்துலயும் விழமாட்டான். தெக்கு டாலஸ்ல ஆள் இல்லையா, நெருக்கமா இருக்காங்க. ஆனா ஒரு தலைக்கு எவ்ளோ செலவு பண்ணுவாங்கன்னு பெருக்கிப் பாத்து, திருட்டுக்கு காவலுக்கு இவ்ளோன்னு கழிச்சு, வடக்க ஒரு கடை போட்டா இதவிட சீக்கிரம் காசு வரும்னு முடிவு பண்ணிடுறாங்க. ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா அதே முடிவுக்கு வரும்போது ஒரு பகுதியே விட்டுப்போகுது. அமெரிக்க வேளாண் துறை நகரத்துல 1 மைல் தூரத்த ஒரு அளவா வச்சு, வருமானம் கம்மியான பகுதில பெரிய கடை அதுக்குள்ள இல்லாட்டி அத கடை வசதி கொறஞ்ச பகுதினு கணக்கெடுக்குது, தெக்கு டாலஸ்ல அப்படிப்பட்ட இடம் நெறைய.

முழுக்க இருட்டுன்னும் சொல்லமாட்டேன். ஹெச்-இ-பி-யோட ஜோ வீஸ்ங்கிற கம்மி விலைக் கடை 2024-ல தெக்கு டாலஸ் வீட்லேண்ட் ரோட்ல திறந்துச்சு. அத பாருங்க, அதே கம்பெனி, வேற அளவு கடை, பொருள் வகைய கொறச்சு, செலவ கொறச்சு, அப்ப கணக்கு வேலை செய்யுது. ‘அங்க வியாபாரம் ஆகாது’ன்னு சொல்றவங்க பெரும்பாலும் ஃபிரிஸ்கோக்கு போட்ட அதே கடைய அங்க வச்சுப் பாத்து சொல்றாங்க.

இன்னொண்ணும் இருக்கு, கடைங்க சேந்துடுறது. குரோகர் ஆல்பர்ட்சன்ஸ வாங்குறேன்னு 2022 அக்டோபர்ல 24.6 பில்லியன் டாலருக்கு அறிவிச்சுது, டாம் தம்ப் ஆல்பர்ட்சன்ஸோடது தான், நடந்திருந்தா உங்க பக்கத்துல எதிரும் புதிருமா இருக்க ரெண்டு கடைக்கும் ஒரே முதலாளி. போட்டி கொறையாம இருக்க நாடு முழுக்க 579 கடைய வேற கம்பெனிக்கு வித்துடுறோம்னாங்க. 2024 டிசம்பர்ல கோர்ட் தடுத்துடுச்சு. அது நல்லதுன்னு தான் நான் சொல்லுவேன், ஏன்னா கைமாத்தி விட்ட கடை பொழைக்கும்னு எந்த நிச்சயமும் இல்ல. 2015-ல ஆல்பர்ட்சன்ஸும் சேஃப்வேயும் சேந்தப்போ ஹேகன்னு வாஷிங்டன் மாநிலத்துக் கம்பெனி ஒண்ணு அவங்க விட்ட 146 கடைய மொத்தமா வாங்குச்சு, அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட இருந்ததே 18. அந்த வருஷ செப்டம்பர்லயே திவால். வேலை போனவங்கள நெனச்சா மனசு ஆறல.

அக்கா, எங்க அம்மா அப்பா ஆறு மாசம் வந்து தங்குறாங்க. கடை எங்க பின்செவுத்துக்கு அந்தப் பக்கம் தான், புரோட்டா வாசனை கூட வரும். ஆனா நடந்து போகணும்னா சப்டிவிஷன் வாசல் வரைக்கும் போய், பெரிய ரோட்டோரமா சுத்தி, முக்கால் மைல். அப்பாவுக்கு 71 வயசு. பக்கத்து காலி நிலத்துல இன்னொரு கடை வருதாம். எங்களால ஏதாவது செய்ய முடியுமா?
– பிராஸ்பர் வாசகி

முடியும்மா, நிச்சயமா முடியும், அதுவும் இப்பவே தான் முடியும், கட்டி முடிச்சப்பறம் முடியாது.

எங்கப்பா இங்க வந்தப்போ இதே கதை தான். ஊர்ல நாப்பது வருஷம் கடைக்கு நடந்து போய் நடந்து வந்த மனுஷன், இங்க ஜன்னல் வழியா கடை போர்ட பாத்துட்டு நான் ஆபீஸ் விட்டு வர்ற வரைக்கும் தயிருக்காகக் காத்துட்டு உக்காந்திருப்பாரு. கேட்டா ‘பரவால்லம்மா’ன்னுவாரு. அந்த பரவால்லம்மா இன்னும் எனக்கு வலிக்குது.

கடை கட்ட முன்னாடி அந்த நிலத்துக்கு ஜோனிங் (எந்த நிலத்துல என்ன கட்டலாம்ங்கிற விதி) மாத்தணும்னா, பிளானிங் அண்ட் ஜோனிங் கமிஷன்ல பொதுக் கூட்டம் வைக்கணும், அப்பறம் டவுன் கவுன்சில்ல. டெக்சாஸ் சட்டப்படி அந்த நிலத்துலருந்து 200 அடிக்குள்ள வீட்டு நிலம் வச்சிருக்கவங்களுக்கு தபால்ல நோட்டீஸ் வரும். விளம்பரக் கடிதம்னு நெனச்சு குப்பைல போட்டுறாதீங்க. ஜோனிங் ஏற்கனவே கடைக்குன்னு இருந்தா இந்த நோட்டீஸ் வராது, ஆனா சைட் பிளான் (நிலத்துல எது எங்க வரும்ங்கிற வரைபடம்) பரிசீலனை இருக்கும், டவுன் ஹால் பிளானிங் ஆபீஸ்ல போய் கேட்டா படத்த காமிப்பாங்க.

பேசும்போது கடையே வேண்டாம்னு போய் நிக்காதீங்க, நெறைய பேரு அதத்தான் பண்றாங்க, கமிஷன்ல இருக்கவங்க காது மூடிக்கும். பெரும்பாலும் ஒருத்தருக்கு மூணு நிமிஷம் தான் கொடுப்பாங்க. ஒரே ஒரு விஷயம் கேளுங்க: செவுத்துல ஆள் நடக்குற அளவுக்கு ஒரு கேட், அங்கருந்து பார்க்கிங் குறுக்க கடை வாசல் வரைக்கும் நடைபாதை. கடைக்காரனுக்கு அதுல ஒரு நஷ்டமும் இல்ல, காசும் கொஞ்சம் தான். எதிர்ப்பு வர்றது பெரும்பாலும் உங்க ஹெச்ஓஏ (வீட்டுக்காரங்க சங்கம்) கிட்டருந்து, வெளியாள் உள்ள வந்துருவாங்கன்னு பயம், அதனால கூட்டத்துக்கு முன்னாடியே அவங்ககிட்ட பேசி, ராத்திரி பூட்டுற கேட்டா இருக்கட்டும்னு சம்மதம் வாங்கிடுங்க. உங்க தெருவுல இதே மாதிரி அப்பா அம்மா வந்து தங்குற வீடு எத்தனைன்னு எண்ணுங்க, நாலு பேரையாவது கூட கூட்டிட்டுப் போங்க. முக்கியமா உங்க அப்பாவையும். சைட் பிளான பெருசா பிரிண்ட் போட்டு, கேட் எந்த இடத்துல வரணும்னு அவர் கையாலயே பென்சில்ல குறிக்கச் சொல்லி எடுத்துட்டுப் போங்க.